உண்டியில் அளவறிதல்

கோசல நாட்டு மன்னன் பசேனதி வேளைக்கு ஒரு துரோணம் அரிசிச் சோறு உண்ணும் வழக்கமுடையவன். ஒருநாள் அவ்வாறு உண்டபின், மூச்சு வாங்கியவாறே பகவன் புத்தரிடம் வந்து வணங்கி ஒருபுறம் அமர்ந்தான். பகவன் அவனைக் கடிந்துரைத்தாரல்லர். உண்டியில் அளவறிந்து விழிப்போடிருப்பவனுக்கு நோவு குறையும், மூப்பு மெல்ல வரும், ஆயுள் காக்கப்படும் என்னும் கருத்தமைந்த ஒரு காதையை மட்டும் அருளினார். மன்னன் தன் பின்னே நின்ற சுதஸ்ஸனன் என்னும் இளைஞனை அழைத்து, அதனைப் பாடஞ்செய்து தான் உண்ணும்போதெல்லாம் ஓதும்படி பணித்தான். அதற்கென நாள்தோறும் நூறு கஹாபணம் அளிப்பதாகவும் கூறினான். அரசனது உணவு படிப்படியாகக் குறைந்து நாழியரிசி அளவில் நின்றது. சம்யுத்த நிகாயத்திலுள்ள இவ்வரலாற்றை நம் அன்பர் பலரும் அறிவர்.

போஜனே மத்தஞ்ஞுதா என்று பாலியில் வழங்கும் இவ்வளவறிதலை நாம் பெரும்பாலும் நமது வயிற்றோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் ஒரு துரோணச் சோறு பசியினால் மட்டும் மன்னன்முன் வந்திருக்குமா? அரசனுக்குப் படைப்பதில் குறைவிருத்தல் ஆகாது என்னும் எண்ணமும் அதிற் கலந்திருக்கக்கூடும் என்பது நமது கருத்து. அவ்வெண்ணம் இன்று அரண்மனையை விட்டு நம் கலியாணப் பந்திக்கு வந்துவிட்டது.

விவேக் நகரிலும் அதனையடுத்த ஈஜிபுரா, ஆஸ்டின் டவுன் பகுதிகளிலும் முகூர்த்த நாட்களில் மண்டபங்களின் பின்வாசலைப் பார்த்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மடித்த இலைகளுக்குள் கை படாத போளி, ஒருமுனை கடித்த வடை, பாயசத்தில் ஊறிய சோறு, ஒருவாய் மட்டும் பருகிய தண்ணீர்ப் புட்டி ஆகியன குவிந்து கிடக்கும். பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இந்நகரத்து மண்டபங்களுள் 75-ஐ ஆராய்ந்து, திருமணங்களில் மட்டும் ஆண்டொன்றுக்கு 943 டன் நல்லுணவு வீணாகிறதென 2012-ஆம் ஆண்டில் கணக்கிட்டனர். பந்தி விசாரித்துப் பழகிய நமக்கு இத்தொகை வியப்பளிக்கவில்லை.

இது எவ்வாறு நேர்கிறது? அழைப்பிதழ் பெற்றவர் வருவதாகவோ வாராததாகவோ சொல்லியனுப்பும் வழக்கம் நம்மிடையே இல்லை. ஆகவே ஐந்நூறு பேருக்கென்றால், வீட்டார் அறுநூறு என்பர். சமையற்காரர் தம் பெயர் கெடாதிருக்க அதற்குமேலும் கொஞ்சம் உலையிலிடுவார். உண்பவர் அமருமுன்னரே இலை நிறையப் பரிமாறிவிடுகின்றனர். நீரிழிவுள்ளவருக்கும் இனிப்பு, குழந்தைக்கும் பெரியவர் அளவு. வேண்டாவென்று கையை இலைமேற் கவித்தாலும், 'சும்மா சாப்பிடுங்க' என்று விரலிடுக்கில் ஒரு கரண்டி விழும். முதல்நாள் மாலை வரவேற்பில் இருபது வகை உண்டு சென்றவரே மறுநாட் காலைச் சிற்றுண்டிக்கும் நண்பகல் விருந்துக்கும் இலைமுன் அமர்கிறார். இவருள் எவரும் தீயவரல்லர். எல்லோரும் அன்பினாலும் அச்சத்தினாலும் செய்கின்றனர். 'சாம்பார் பற்றவில்லை' என்ற ஒரு சொல் அக்குடும்பத்தைப் பல ஆண்டுகள் தொடருமென்பதே அவ்வச்சம்.

நம்மவரிடத்தில் இவ்வச்சம் சற்று ஆழமானது. ஊரார் விருந்துகளில் நம் முன்னோர் பந்தியில் அமர்த்தப்பட்டாரல்லர். எல்லோரும் உண்டெழுந்தபின் கொல்லைப்புறத்தில் காத்து நின்று, எச்சில் இலையில் எஞ்சியதைப் பெற்றுச் சென்றனர். அந்த நினைவு பல வீடுகளில் இன்னும் மறையவில்லை. 1927-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மகாடு மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர், செத்த மாட்டிறைச்சியையும் பிறர் எறியும் மிச்சிலையும் இனி உண்ணாதீர் என்று நம்மவரை வற்புறுத்தினார். மிச்சிலுக்குக் காத்து நின்றவரின் பேரன், இன்று தன் மகள் திருமணத்தில் மிஞ்சும்படி சமைப்பதை, எளிதாக ஆடம்பரம் என்று ஏசிவிட நமக்கு மனம் வரவில்லை. 'என் வாசலில் எவரும் காத்து நிற்கவில்லை. என் இலையில் எதுவும் குறையவில்லை' என்று அவர் ஊருக்கு அறிவிக்கிறார்.

ஆனால் அவ்விலை பின்னர் எங்கே செல்கிறது என்பதையும் கேட்க வேண்டும். விடியற்காலையில் அதனைக் கையாலள்ளி வகை பிரிக்கும் துப்புரவுப் பணியாளரும் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட குடிகளிற் பிறந்தவரே. பெங்களூரின் குப்பை 2012 வரை மாவள்ளிபுரத்திலும், 2014 வரை மண்டூரிலும் கொட்டப்பட்டது. அவ்வூர் மக்கள் நாற்றத்தாலும் கெட்ட நீராலும் துன்புற்றுப் போராடிய பின்னரே அது நின்றது. ஒருவர் மதிப்பிற்கென்று மிஞ்சியது மற்றொருவர் கிணற்றருகே அழுகியது. பிக்குகளுக்குரிய சேகிய விதிகளுள், பிச்சையைப் பாத்திரத்தின் விளிம்பளவிற்கு மேற் பெறலாகாது என்பது ஒன்று; சோற்றுப்பருக்கை கலந்த பாத்திரங் கழுவிய நீரைக் குடியிருப்புக்குள் ஊற்றலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் விதியைச் சிறு ஆசாரமென்று நாமும் முன்பு எண்ணியதுண்டு. மண்டூரை நினைத்தபின் அவ்வாறு எண்ணக் கூடவில்லை.

'மிஞ்சியதை ஏழைகட்குக் கொடுத்துவிடலாமே' என்பர். இங்கே ஒரு வேறுபாட்டை உறுதியாகக் கொள்ளல் வேண்டும். இலையில் மிஞ்சியது மிச்சில். அதனை எவர்க்கும் கொடுத்தல் தானமாகாது. பாத்திரத்தில் கைபடாது மிஞ்சியது உணவு, அதனைக் கொடுக்கலாம். 2014-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்ற அமைப்புகள் மண்டபங்களிலிருந்து இவ்வகை உணவைப் பெற்றுப் பசித்தோர்க்கு அளிக்கின்றன. ஆயினும் தேங்காய் அரைத்த கூட்டும் தயிர்சாதமும் நம் வெயிலில் நெடுநேரம் தாங்கா. கடைசிப் பந்தி எழுந்து, தாம்பூலம் கொடுத்து, மொய்க்கணக்கும் முடித்தபின் எவரையேனும் அழைப்போமெனின், கெட்டதைக் கொடுத்தவராவோம். கடைசிப் பந்தி அமரும்போதே மிகுதியை மதிப்பிட்டு, மூடிவைத்து, ஆளனுப்ப வேண்டும். மணிமேகலை அமுதசுரபியைக் கையிலேந்தியவள். அது எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். எனினும் அவள் பசித்தவரைத் தேடிச் சென்று ஊட்டினாள். பாத்திரத்தின் பெருமையைக் காட்ட நிலத்திற் கொட்டினாளில்லை.

இப்பொருளை நம் படிப்பு வட்டத்தில் எடுத்துப் பேசியபோது ஒரு மூதாட்டியார் கேட்டார்: "கேட்டுக் கேட்டுப் போட்டா, கஞ்சப் பிசினாரி வீடுன்னு சொல்ல மாட்டாங்களா?" சொல்லக்கூடும். அவர்க்கு நாம் கூறிய விடை இது: கேட்பது குறைப்பதற்கன்று. முதலில் ஒவ்வொன்றிலும் சிறிதளவே வைத்து, பரிமாறுவோர் இருமடங்கு பேராகி, மும்முறை வந்து கேட்டால், அதனைக் கஞ்சத்தனமென்பார் இலர், உபசாரமென்பர். வீட்டுப் பெரியவர் ஒருவர் பந்திதோறும் நின்று, 'வேண்டியமட்டும் கேட்டு வாங்குங்கள்' என்று தம் வாயாற் சொல்லுதல் வேண்டும். அழைப்பிதழ் கொடுக்கும்போதே எத்தனை பேர் வருவர் என வினவிக் குறித்துக்கொள்வதும் நம்மால் இயலாததன்று. நம்மவர் இல்லங்களில் பிணத்தெடுப்பு நாளின் உணவுக்கு இக்கணக்கைச் செவ்வனே பார்க்கிறோம். திருமணத்திற்கு மட்டுமே கூச்சம்.

மூதாட்டியார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, தம் தாயார் ஊர்த்திருவிழாவன்று முந்தானையில் முடிந்து கொண்டுவந்த சோற்றில், யாரோ கடித்த அப்பளத் துண்டு இருந்ததைச் சொன்னார். வருகிற தை மாதம் தம் பேத்தியின் திருமணத்தில் இலையை நிறைத்து வைக்காமல் கேட்டே பரிமாறச் சொல்லப்போவதாகவும், பரிமாற நம் வட்டத்து இளைஞர் பன்னிருவரை அனுப்பவேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். ஒன்பதின்மர் பெயர் கொடுத்துள்ளனர். இன்னும் மூவர் வேண்டும்.