பாடம்: வண்டிக்கு ஜி.பி.எஸ். வாங்கலாமா?



நம் குழுப் பெண்கள் பலர் இப்போது இரு சக்கர வண்டி ஓட்டுகிறோம். 2018-ல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25 ஆயிரம் ரூபாய் என்று மானியம் கொடுத்தபோது வாங்கியவர்கள் உண்டு. குழுக் கடனில் வாங்கியவர்களும் உண்டு. வண்டி வந்த பிறகு நம் வேலையும் எல்லை தாண்டிவிட்டது. மசாலாப் பொடி, சிறுதானிய மாவு, ஊறுகாய் என்று பக்கத்து ஒன்றியம் வரை கொண்டுபோய்க் கொடுக்கிறோம். தணிக்கைக்கும் பயிற்சிக்கும் தெரியாத ஊர்களுக்குப் போகிறோம்.

தெரியாத ஊர், வழி கேட்க ஆள் இல்லாத பாதை, பொழுது சாயும் நேரம் என்றால் யாருக்கும் மனசு படபடக்கும். அதனால்தான் கூட்டங்களில் இந்தக் கேள்வி வருகிறது: "அக்கா, வண்டியில ஒரு ஜி.பி.எஸ். மாட்டிக்கிட்டா தேவலை. அதுக்கு உள்கடன் கிடைக்குமா?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கடன் விண்ணப்பம் எழுதும் முன் நமக்கு எது தேவை, எது தேவையில்லை என்று தெரிஞ்சுக்கணும். இந்த மாதப் பாடம் அதுதான்.

1. ஜி.பி.எஸ். எப்படி வேலை செய்கிறது?

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்க அரசின் செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் "இப்போது மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். நம் கருவி அதைக் கேட்டு, சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் போடும். குறைந்தது 4 கோள்களின் சிக்னல் கிடைத்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். திறந்த வெளியில் போனிலேயே சுமார் 5 மீட்டர் துல்லியம் கிடைக்கும். டப்பாவில் குளோனாஸ், கலிலியோ, நாவிக் என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். அவை ரஷ்யா, ஐரோப்பா, இந்தியா விட்ட கோள்கள். வேலை ஒன்றுதான்.

இதில் மூன்று விஷயத்தை மனசில் வைக்கணும்.

• இந்த சிக்னலுக்குக் காசு கிடையாது. மாதக் கட்டணம் இல்லை.
• இதைக் கேட்க சிம் கார்டு வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். வானம் தெரிந்தால் போதும்.
• இடத்தைச் சொல்வது கோள். பாதையைக் காட்டுவது மேப். மேப்பை முன்பே இறக்கி வைக்காவிட்டால்தான் இன்டர்நெட் தேவைப்படும்.

2. ஒரே பெயரில் இரண்டு சாமான்

கடையில் போய் "வண்டிக்கு ஜி.பி.எஸ். குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது டிராக்கர். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும். சீட்டுக்கு அடியில் ஒளித்து மாட்டுவார்கள். வண்டி எங்கே நிற்கிறது என்று வேறு ஒருவர் போனில் பார்ப்பதற்கு அது. திருட்டுப் பயத்துக்கு உதவும். ஆனால் நமக்கு வழி காட்டாது. அதற்கு ஒரு சிம் வேண்டும், வருடா வருடம் கட்டணமும் கேட்பார்கள். வாங்குவதாக இருந்தால் 4ஜி-யில் வேலை செய்யுமா என்று கேளுங்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. பழைய 2ஜி டிராக்கரில் ஜியோ சிம் போட்டால் அது ஊமையாகத்தான் இருக்கும்.

நமக்கு வேண்டியது வழிகாட்டி. ஆகவே கடையில் "வழி காட்டுறதா, வண்டியைத் தேடுறதா?" என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

3. வழிகாட்டியில் என்னென்ன வகை?

முதல் வகை, பைக்குக்கென்றே செய்த தனிக் கருவி. கார்மின் ஜூமோ, டாம்டாம் ரைடர் போன்றவை. மழை தாங்கும், வெயிலிலும் திரை தெரியும், கையுறையோடு தொடலாம், மேப் உள்ளேயே இருக்கும். ஆனால் விலை பல பத்தாயிரம் ரூபாய். மாதக்கணக்கில் நாடு சுற்றுகிறவர்களுக்கு அது சரி. நம் தொழிலுக்கு அது பட்டுச்சேலை கட்டி நாற்று நடுகிற கதை.

இரண்டாம் வகை, வண்டியோடு வரும் சின்னத் திரை. டி.வி.எஸ். என்டார்க் வண்டியில் 2018-லும், ராயல் என்ஃபீல்டு மீட்டியார் வண்டியில் 2020-லும் இது வந்தது. 'இடது பக்கம் திரும்பு, 200 மீட்டர்' என்ற மாதிரி அம்புக்குறி காட்டும். வழியைக் கணக்குப் போடுவது நம் பையில் இருக்கும் போன்தான். இதற்காக மட்டும் விலை கூடிய வண்டியை எடுக்க வேண்டாம். தனியாக விற்கும் 5 அங்குலத் திரைகளிலும் பல இப்படிப் போனை நம்பியே ஓடுபவை.

மூன்றாம் வகை, நம் ஸ்மார்ட்போனும் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு ஹோல்டரும். கூகுள் மேப்பில் இரு சக்கர வண்டிக்கென்று தனி வழி 2017 டிசம்பரில் முதன்முதலாக இந்தியாவில்தான் வந்தது. தமிழிலேயே குரல் கொடுத்து வழி சொல்லும். மேப் மை இந்தியாவின் மேப்பிள்ஸ், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற இலவசச் செயலிகளும் உண்டு.

நம்மில் பெரும்பாலோருக்கு மூன்றாம் வகையே போதும் என்பது எங்கள் முடிவு. ஆனால் அதைச் சரியாகச் செய்யணும்.

4. டவர் இல்லாத இடத்துக்கு மேப்பை முன்பே இறக்குங்கள்

கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் டவர் வரும், போகும். அங்கே போய் மேப்பைத் திறந்தால் வெறும் சாம்பல் கட்டம்தான் தெரியும். வீட்டில் இன்டர்நெட் இருக்கும்போதே கூகுள் மேப்பில் நம் படத்தைத் தொட்டு, 'ஆஃப்லைன் மேப்' என்பதில் நம் மாவட்டத்தைக் கட்டம் போட்டு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு டவர் இல்லாமலும் வண்டிப் பாதை காட்டும். பேருந்து வழி, நடைவழி, போக்குவரத்து நெரிசல் ஆகியவை காட்டாது. இறக்கிய மேப்புக்குக் காலக்கெடு உண்டு. மாதம் ஒருமுறை, குழுக் கூட்டத்தன்று புதுப்பித்தால் மறக்காது.

சோதித்துப் பார்க்க: மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். லொகேஷனை மட்டும் போடுங்கள். வாசலில் வானம் தெரியும் இடத்தில் நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் நீலப் புள்ளி உங்கள் தெருவில் வந்து நின்றால் உங்கள் போன் தயார்.

5. பீரோவில் கிடக்கும் பழைய போன்

பல வீடுகளில் ஒரே ஒரு நல்ல போன்தான். அதை நாம் எடுத்துப் போனால் பிள்ளை படிப்புக்கு இல்லை. மழையில் நனைந்து கெட்டுப்போனால் பேசுவதற்கும் வழியில்லை, வங்கி ஓ.டி.பி.யும் வராது.

அப்படிப்பட்ட வீட்டில் ஓரத்தில் கீறல் விழுந்தது, பேசினால் சரியாகக் கேட்காதது என்று ஒதுக்கி வைத்த பழைய ஸ்மார்ட்போன் இருக்கிறதா பாருங்கள். சிம் இல்லாமலே அது ஜி.பி.எஸ். கருவியாக வேலை செய்யும். வேறு போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து மேப்பை இறக்கினால் போதும். மூன்று சோதனை மட்டும் செய்யுங்கள்: பேட்டரி உப்பியிருக்கக் கூடாது, மேப் செயலி அதில் ஏறணும், மேலே சொன்ன நீலப் புள்ளி வரணும். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது, அதைத் தொடவே வேண்டாம்.

6. மாட்டும் முறை

ஹோல்டர்: பைக்குக்கு ஹேண்டில்பார் குழாயில் மாட்டுவது, ஸ்கூட்டிக்குக் கண்ணாடித் தண்டில் மாட்டுவது என்று இரண்டு வகை. ஸ்கூட்டியில் குழாய் வெளியே தெரியாது, ஆகவே வண்டியைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். நாலு மூலையும் பிடிக்கிற, திருகு வைத்த ஹோல்டர் நல்லது. ரப்பரை மட்டும் நம்பினால் முதல் வேகத்தடையிலேயே போன் ரோட்டில் கிடக்கும்.

அதிர்வு: மோட்டார் சைக்கிள் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. விலை உயர்ந்த போனை மாட்டுகிறவர்கள் அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டராகப் பாருங்கள். பழைய போனுக்கு இந்தக் கவலை இல்லை.

மழையும் வெயிலும்: டப்பாவில் ஐ.பி.எக்ஸ். 7 என்று இருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐ.பி.எக்ஸ். 4 என்றால் சாரல் மட்டும். ஒன்றும் போடாத போனுக்கு ஜிப் வைத்த தண்ணீர் உறை போடுங்கள். உச்சி வெயிலில் உறைக்குள் போன் சூடேறி அணைந்துவிடும். மழை இல்லாத நாளில் உறையைக் கழற்றிவிடுங்கள்.

சார்ஜ்: மேப் ஓடினால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். வண்டியில் யூ.எஸ்.பி. சார்ஜர் வைப்பதானால் மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரணும், நடுவில் ஃபியூஸ் வைக்கணும். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க வண்டி பேட்டரி இறங்கி, காலையில் செல்ஃப் எடுக்காது.

7. சட்டம் என்ன சொல்கிறது?

வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதல் என்று மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் 2019-ல் சேர்த்தார்கள். அபராதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை. 2020 அக்டோபர் 1 முதல் வந்த விதியில், வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத முறையில் போனைப் பயன்படுத்தலாம் என்று அனுமதி உண்டு. ஆகவே ஹோல்டரில் இருந்தால் வழிகாட்டி, கையில் எடுத்தால் குற்றம்.

புறப்படும் முன்பே ஊர்ப்பெயரைப் போட்டுவிடுங்கள். வழியில் மாற்றணும்னா வண்டியை ஓரம் கட்டுங்கள். குரல் கேட்க இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம். பின்னால் வரும் லாரி ஹாரன் கேட்காது.

8. மேப் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பக்கம், வெள்ளத்தில் ஒரு பகுதி போன பாலத்தில் இருந்து கார் ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மேப் பார்த்துப் போனதாகச் செய்திகள் வந்தன. பாலம் போனது மேப்புக்குத் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மேப்புக்குக் குறுக்கு வழிதான் பிடிக்கும். அது மாட்டு வண்டித் தடமா, தண்ணீர் ஓடும் தரைப்பாலமா என்று அது யோசிக்காது.

ஆகவே தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்கினால் நில்லுங்கள். "அண்ணே, இந்த வழி வண்டி போகுமா?" என்று ஒருவரைக் கேளுங்கள். இருட்டிய பிறகு குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். நாலு கிலோமீட்டர் கூடினாலும் பேருந்து போகும் சாலையே நமக்குப் பாதுகாப்பு.

9. யார் பார்க்கிறார்கள்?

இதை மனம் விட்டுப் பேசணும். டிராக்கர் மாட்டினால் நாம் எங்கே போகிறோம் என்பது இன்னொருவர் போனில் எப்போதும் தெரியும். நம் சம்மதத்தோடு, நம் பாதுகாப்புக்காக இருந்தால் நல்லது. நமக்குத் தெரியாமல் மாட்டி, "அங்க ஏன் பத்து நிமிஷம் நின்னே?" என்று கேள்வி கேட்பதற்காக இருந்தால் அது பாதுகாப்பு இல்லை, காவல்.

பாதுகாப்புக்கு டிராக்கர்தான் வேண்டும் என்றும் இல்லை. வாட்ஸ்அப்பில் 'லைவ் லொகேஷன்' உண்டு. 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று நாமே வைத்து, நாம் நம்புகிறவருக்கு மட்டும் அனுப்பலாம். வேண்டாம்னா நாமே நிறுத்தலாம். இதற்கு மட்டும் இன்டர்நெட் வேண்டும். தனியாகத் தூரம் போகும் நாளில் குழுத் தலைவிக்கு அனுப்பிவிட்டுப் போகும் பழக்கத்தை ஏற்படுத்துவோம்.

10. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

12,000 ரூபாய்க்கு ஒரு கருவி வாங்க உள்கடன் எடுத்தால், 100-க்கு மாதம் 1 ரூபாய் வட்டி, 12 தவணை என்று வைப்போம். முதல் மாதம் அசல் 1,000, வட்டி 120, மொத்தம் 1,120. கடன் குறையக் குறைய வட்டியும் குறையும். ஒரு வருடத்தில் வட்டி மட்டும் 780. ஆக மொத்தம் 12,780 ரூபாய்.

இருக்கும் போனை வைத்துச் செய்தால்: ஹோல்டர் சுமார் 400, சார்ஜர் சுமார் 400, தண்ணீர் உறை சுமார் 200. மொத்தம் சுமார் 1,000 ரூபாய். கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். முதல் மாதத் தவணைக் காசிலேயே எல்லாம் முடிந்துவிடும். மீதி 11 மாதத் தவணை தொழிலுக்கு முதலாகும்.

போன் அடிக்கடி கெட்டு, தினமும் 100 கிலோமீட்டர் ஓடி, அதனால் வருமானமும் வருகிறவர் தனிக் கருவி கேட்டால் குழு தாராளமாகப் பரிசீலிக்கலாம். தேவையும் வருமானமும் தீர்மானிக்கணும். விளம்பரம் தீர்மானிக்கக் கூடாது.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் வண்டி ஓட்டுகிறவர்கள் யார்? டவர் இல்லாத எந்தெந்த ஊருக்குப் போகிறார்கள்?
2. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஸ்மார்ட்போன் யாரிடம் உள்ளது? நீலப் புள்ளி சோதனை செய்தீர்களா?
3. மழைக்காலத்தில் மூழ்கும் தரைப்பாலங்கள் எவை? பட்டியல் எழுதித் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டுங்கள்.
4. யாருக்கு லைவ் லொகேஷன் அனுப்புவது என்று ஒவ்வொருவரும் ஒரு பெயர் முடிவு செய்யுங்கள்.

போனைத் தொடவே கூச்சப்படும் உறுப்பினர் பக்கத்தில் இருந்தால் அவர் கையிலேயே கொடுத்து மேப்பை இறக்கச் சொல்லுங்கள். ஒருமுறை தானே செய்தால் மறக்காது.

பத்திரமாகப் போவோம், பத்திரமாக வீடு திரும்புவோம்.