கடைசியாக வரும் பிள்ளைக்கும் காத்திருப்போம்
(தன்னார்வலர் பாடம்: சிறுவர் ஓட்டப் பயிற்சி)



பாலக்கரை, பீமநகர், தென்னூர் சந்துகளில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஓடி விளையாட இடம் குறைந்துவிட்டது. பள்ளி, மதரஸா, டியூஷன் என்று பொழுது போகிறது. மிச்ச நேரத்தைச் செல்போன் எடுத்துக்கொள்கிறது. 5 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் உழைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரம் ஒருநாள் ஓட்டம் இதை முழுமையாக ஈடுகட்டாது. ஆனால் ஓடும் ஆசையைப் பிள்ளையின் மனதில் விதைக்கும். அந்தப் பொறுப்பை ஏற்க முன்வரும் தன்னார்வலர்களுக்காகவே இந்தப் பாடம்.

நபிவழியில் ஓட்டம்

நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றில் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூத் பதிவு செய்திருக்கிறது. முதல்முறை ஆயிஷா (ரலி) முந்தினார்கள். பின்னொரு முறை நபியவர்கள் முந்தினார்கள். முஸ்னத் அஹ்மதில் இடம்பெறும் அறிவிப்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. அப்பாஸ் (ரலி) அவர்களின் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தம்மிடம் முதலில் ஓடி வருபவருக்குப் பரிசு உண்டு என்று நபியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் ஓடிவந்து அவர்களின் முதுகிலும் மார்பிலும் விழுவார்கள். அவர்களை முத்தமிட்டு அணைத்துக்கொள்வார்கள்.

பரிசு முதலில் வந்தவருக்கு. அணைப்பு ஓடிவந்த பிள்ளைகளுக்கெல்லாம். நம் பயிற்சியின் அடிப்படை இதுதான்.

பிறர் செய்து காட்டியது

2004-ல் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய வாராந்திர ஓட்டம், இன்று பல நாடுகளில் ‘பார்க்ரன்’ என்ற பெயரில் நடக்கிறது. 4 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு 2 கிலோமீட்டர் ஓட்டம் தனியாக உண்டு. கட்டணம் இல்லை. நேரம் குறிப்பவர், முடிவுக் கோட்டில் எண் வில்லை கொடுப்பவர், திருப்பத்தில் நிற்பவர் எல்லோரும் தன்னார்வலர்கள். இவர்களோடு, எல்லோருக்கும் பின்னால் வருவதையே பணியாகக் கொண்ட ஒருவரும் உண்டு. அதனால் எந்தப் பிள்ளையும் தனியாகக் கடைசியில் வருவதில்லை.

வெற்றி பெற்றவர்களும் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். லால்குடி வட்டாரத்தின் ஆரோக்கிய ராஜீவ் 2014 ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வென்றார். அவரும் திருச்சியின் சுபா வெங்கடேசனும் டோக்கியோ ஒலிம்பிக்கின் தொடர் ஓட்டங்களில் இந்தியாவுக்காக ஓடினார்கள். இவர்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். ஆனால் எல்லாப் பிள்ளையும் இவர்களைப் போல் ஆக வேண்டும் என்று நெருக்கக் கூடாது.

ஏற்பாடு செய்யும் முறை

1. இடம்: வாகனம் வராத சமதளம் வேண்டும். அண்ணா விளையாட்டரங்கம் என்றால் மாவட்ட விளையாட்டு அலுவலரிடமும், பூங்கா என்றால் மாநகராட்சியிடமும் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். 400 மீட்டர் பாதையில் 5 சுற்று 2 கிலோமீட்டர். சிறு பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு சுற்றே போதும். ஸ்ரீரங்கத்தில் நடத்தும்போது காவிரி, கொள்ளிடம் படித்துறைகளை ஒட்டி ஓடவிடக் கூடாது. மேட்டூரில் தண்ணீர் திறந்த பிறகு இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. வைகுண்ட ஏகாதசி போன்ற திருவிழா நாட்களில் அங்குள்ள தெருக்களில் நிற்கவே இடமிருக்காது. அந்த வாரங்களில் இக்கரையில் நடத்துவதே அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் மரியாதை. அக்கரைப் பிள்ளைகளும் எந்த மதத்தவராயினும் நம்மோடு ஓடட்டும்.

2. நேரம்: ஞாயிறு ஃபஜ்ருக்குப் பிறகு கூடி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் 7 மணிக்கு மேல் ஒரு பிள்ளையும் ஓடக் கூடாது. ரமலானில் பயிற்சியை நிறுத்திவைப்போம். நோன்பிருக்கும் பிள்ளையை ஓடவிடுவது நம் வேலையல்ல.

3. உடல்நலம்: ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு உண்டா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தலைசுற்றல், வாந்தி, பேச்சுக் குழறல் தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணியால் உடலைக் குளிர்விக்க வேண்டும். பேச்சுக் குழறினாலோ மயங்கினாலோ தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். மயங்கிய பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஷூ இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாமல், ஓடும் பாதையில் கண்ணாடித் துண்டு, முள் இருக்கிறதா என்று நாமே முன்கூட்டி நடந்து பார்ப்போம்.

4. அமானிதம்: பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். எந்தத் தன்னார்வலரும் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது. எப்போதும் இரு பெரியவர்கள் பார்வையில் இருக்க வேண்டும். யார் அழைத்துச் செல்வார் என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும். பெற்றோர் சம்மதமின்றிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. பிள்ளைகளுக்கு உதவி எண் 1098-ஐச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

5. செலவு: ஜகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர் (அல்குர்ஆன் 9:60). குடிநீருக்கும் விசிலுக்கும் அந்த நிதியைத் தொடாமல், பொது நன்கொடையிலிருந்து செலவழித்துத் தனிக் கணக்கு எழுத வேண்டும்.

பெண் பிள்ளைகள்

பத்து வயதுவரை அண்ணனோடு போட்டியிட்டு ஓடிய பிள்ளை, பன்னிரண்டு வயதானதும் வீட்டுக்குள் நின்றுவிடுகிறாள். பெற்றோரின் கவலையைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குப் பதில் தருவதே நம் கடமை. பெண் தன்னார்வலர்கள், தனி நேரம், தாய்மார் உட்கார்ந்து பார்க்க இடம் ஆகிய மூன்றையும் ஏற்பாடு செய்த பிறகே பெண் பிள்ளைகளை அழைக்க வேண்டும். தளர்வான முழுக்கைப் பருத்தி உடையும் ஊசி குத்தாத தலைத்துணியும் ஓட்டத்துக்குத் தடையல்ல. பஹ்ரைனின் ருகைய்யா அல்கஸ்ரா 2006 தோஹா ஆசிய விளையாட்டில் தலையை மறைத்த உடையோடு ஓடி 200 மீட்டரில் தங்கம் வென்றார்.

நிய்யத்

முதல் மாதம் கூட்டம் வரும். மூன்றாவது மாதம் குறையும். அன்று ஐந்து பிள்ளைகள் வந்தாலும் நாம் நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டும். நாம் வரவில்லை என்றால், நம்பி வந்த பிள்ளை மூடிய கேட்டைப் பார்த்துத் திரும்பும். அதனால் மாதம் ஒரு ஞாயிறு மட்டுமே முடியும் என்பவர் அந்த ஒன்றையே சொல்லட்டும், சொன்னபடி வரட்டும்.

கலந்துரையாட

1. உங்கள் மஹல்லாவில் பிள்ளைகள் பயமின்றி ஓடக்கூடிய இடம் எது? அதற்கு யாரிடம் அனுமதி பெற வேண்டும்?
2. கடைசியாக வரும் பிள்ளையோடு நடந்து வரும் பணியை உங்களில் யார் ஏற்பீர்கள்?
3. உங்கள் தெருவில் ஓடுவதை நிறுத்திவிட்ட பெண் பிள்ளையின் தாயிடம் என்ன பேசுவீர்கள்?

நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் உடல்நலத்தையும் நல்லொழுக்கத்தையும் தருவானாக! ஆமீன்.