பீகாரை எழுதப் போகிறவர்களுக்கு

பத்திரிகைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் சிலர், பீகாரின் வளர்ச்சி பற்றித் தொடர் எழுதப் போகிறோம், எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதியே தருகிறேன். நினைவுக்கு வந்த வரிசைதான். கடைசியில் இருப்பது சில்லறை விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம்.

1. கதையை 2005-இல் தொடங்காதீர்கள். நவம்பர் 24 அன்று நிதீஷ் குமார் முதல்வராகப் பதவியேற்றார், அன்றே பொழுது விடிந்தது என்று எழுதுவது சுலபம். 1793-இல் காரன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர ஜமீன் ஏற்பாட்டில் கிடந்த மண் அது. நம்மூர் ரயத்துவாரிப் பகுதிகளைப் போல அரசுக்கும் விவசாயிக்கும் நேரடிக் கணக்கு வழக்கு அங்கே வளரவில்லை. 1952-க்குப் பிறகு சுமார் நாற்பது ஆண்டு இருந்த சரக்குக் கட்டணச் சமன் கொள்கையையும் படியுங்கள். சுரங்கத்தின் வாசலில் இருப்பவனுக்கும் ஆயிரம் மைல் தள்ளி இருப்பவனுக்கும் எஃகு ஒரே விலை என்றால், சுரங்கத்துப் பக்கத்தில் எவன் ஆலை வைப்பான்? மேற்கும் தெற்கும் அதில் லாபம் பார்த்தன, நாமும் சேர்த்துத்தான். 2000 நவம்பர் 15 அன்று ஜார்க்கண்ட் பிரிந்தபோது ஜாம்ஷெட்பூர், பொகாரோ, தன்பாத் எல்லாம் அந்தப் பக்கம் போயின. பீகாருக்கு மிஞ்சியது வண்டலும் வெள்ளமும் ஜனமும்.

நிதீஷுக்கு முன் ஆண்ட லாலு, ராப்ரி காலத்தில் நிர்வாகம் சீரழிந்தது மெய். மாட்டுத்தீவன ஊழலில் கருவூலங்களையே துடைத்தார்கள். ஆனால் ‘காட்டாட்சி’ என்ற பட்டத்தைப் பாட்னாவின் மேல்சாதி வரவேற்பறைகளிலிருந்து அப்படியே வாங்கிவந்து தலைப்பில் போடாதீர்கள். நிலக்காரன் எதிரே கட்டிலில் உட்காரும் துணிச்சல் பலருக்கு அந்த ஆண்டுகளில்தான் வந்தது. தலித் சாதியான முசகர்களின் குடியிருப்பு ஏதாவது ஒன்றில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வேறொரு வரலாறு சொல்வார்கள்.

2. வளர்ச்சி விகிதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், எள்ளளவும் வேண்டாம். 2010 ஜனவரியில் ஒரு கணக்கு வந்தது: 2008-09 வரையிலான ஐந்தாண்டில் பீகாரின் சராசரி வளர்ச்சி 11.03 சதவீதம், ஏறக்குறைய குஜராத்துக்குச் சமம். டெல்லிப் பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. அதில் பெரும்பகுதி கட்டுமானமும் வியாபாரமும் போக்குவரத்தும். வேளாண்மை மழையையும் வெள்ளத்தையும் பார்த்து ஏறும், இறங்கும். அடித்தளமோ படுபள்ளம். அதனால்தான் இத்தனை ஆண்டு ஓடிய பிறகும் அங்கே தனிநபர் வருமானம் தேசிய சராசரியில் மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே நிற்கிறது. வேகமாக ஓடியதும் உண்மை, இன்னும் கடைசியில் இருப்பதும் உண்மை. ஒன்றை எழுதும்போது மற்றதை விட்டுவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால் சதவீதத்தைவிட வேறு மாதிரி எண்களைத் தேடச் சொல்வேன். 2006 தொடக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதத்துக்குச் சராசரியாக 39 நோயாளிகள் வந்தார்கள் என்பது அரசு சொல்லும் கணக்கு. மருந்து இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்து, டாக்டரும் நாற்காலியில் இருக்க ஆரம்பித்ததும் அது ஆயிரக்கணக்கில் ஏறியது. பீகாரில் நோய் கூடிவிடவில்லை. கட்டடம் முன்பும் இருந்தது, உள்ளே ஆள்தான் இல்லை.

3. 2005-க்குப் பிறகு முதலில் சரிசெய்யப்பட்டது போலீஸ். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை, 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே போதுமாக இருந்தது. கொலை வழக்கில் சாட்சி சொல்ல ஊர்க்காரன் பயப்படுவான், வழக்கு இழுத்துக்கொண்டே போகும். கள்ளத் துப்பாக்கி வழக்கில் அதைக் கைப்பற்றிய போலீஸ்காரரே சாட்சி. அவரை நாள் தவறாமல் கோர்ட்டுக்கு வரவைத்தால் வழக்கு சீக்கிரம் முடிந்துவிடும். தாதாக்களை இப்படித்தான் உள்ளே தள்ளினார்கள். ஓய்வுபெற்ற ராணுவத்தினரைத் துணைக் காவல் படையாகச் சேர்த்ததும் அந்தச் சமயத்தில்தான். பாட்னாவில் பழைய கடைக்காரர் எவரிடமும் 2005-க்கு முன்பு ஷட்டரை எத்தனை மணிக்கு இறக்குவீர்கள், இப்போது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அதையும் ஒரு பொருளாதாரப் புள்ளிவிவரமாக எழுதலாம்.

4. சைக்கிளுக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்குங்கள். 2006-இல் வந்த திட்டம். ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்ணுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் பணம். கொள்முதல் டெண்டர் கிடையாது, கிடங்கு கிடையாது, இடையில் தின்ன ஆளுக்கு வேலை குறைவு. சைக்கிளை ஒளித்து வைக்கவும் முடியாது. வாங்கினாளா இல்லையா என்று ஊருக்கே தெரியும். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் இதை ஆராய்ந்தார்கள். பீகாரில் சேர்க்கை கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டால் அது பொதுவான வளர்ச்சியாலும் நடந்திருக்கலாம் இல்லையா? அதனால் திட்டம் இல்லாத பக்கத்து ஜார்க்கண்டோடும், சைக்கிள் கிடைக்காத பையன்களோடும் ஒப்பிட்டார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பலன் அதிகம் தெரிந்தது பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த ஊர்களில். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் போங்கள். ஒப்பீடு இல்லாமல் ‘திட்டத்தால் பலன்’ என்று எழுதும் பழக்கம் விட்டுப்போகும்.

5. முகியாவை, அதாவது பஞ்சாயத்துத் தலைவரை, பார்க்கப் போனால் முகியாவையே பாருங்கள். பஞ்சாயத்துகளில் பெண்களுக்குச் சரிபாதி இடத்தை முதலில் கொடுத்த மாநிலம் பீகார், 2006-இல். வாசலில் கும்பிட்டு வரவேற்று, நாற்காலி போட்டு, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்பவர் பெரும்பாலும் முகியாவின் புருஷனாக இருப்பார். டீயைக் குடித்துவிட்டு, ‘தீதியிடம் (அக்காவிடம்) பேச வேண்டும்’ என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பெண் நிருபர்கள் உள்ளே போய்விடலாம், அது உங்களுக்குள்ள வசதி. ஜீவிகா சுயஉதவிக் குழுக் கூட்டம் நடந்தால் ஓரமாக உட்காருங்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்கள் இருக்கும் அமைப்பு அது. 2016-இல் மதுவிலக்கு ஏன் வந்தது, 2025 தேர்தலுக்கு முன் பெண்கள் கணக்கில் ஏன் பத்தாயிரம் ரூபாய் விழுந்தது என்று அங்கே விளங்கும்.

6. வட்டார அலுவலகத்தில் வரிசையில் நில்லுங்கள். அதிகாரியைப் பேட்டி எடுப்பது பிறகு. 2011 ஆகஸ்ட் 15 முதல் அங்கே பொதுச் சேவை உரிமைச் சட்டம் இருக்கிறது: சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாவற்றுக்கும் நாள் கெடு, தவறினால் அலுவலருக்கு அபராதம். தமிழ்நாட்டில் இப்படியொரு சட்டம் வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பீகாரிடம் நாம் கற்க ஒன்றுமில்லை என்ற நினைப்பு நம்மவர்களுக்கு அதிகம்.

சான்றிதழ் வரிசையை விட்டு நிலப் பட்டா மாற்றும் மேசைக்கு வாருங்கள், அங்கே வேறு காற்று. நிலச் சீர்திருத்தத்துக்கு அமைக்கப்பட்ட பந்தோபாத்யாய ஆணையம் 2008-இல் அறிக்கை கொடுத்தது. குத்தகை விவசாயிக்கு உரிமைப் பதிவு வேண்டும் என்றது. நிலக்காரர்கள் கொதித்தார்கள், அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. சீர்திருத்தம் எந்த மேசையோடு நின்றுபோனது என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான்.

7. பாட்னாவுக்கு டிக்கெட் போடும் முன் திருப்பூருக்குப் போங்கள். போலீஸ் வந்தது, ரோடு வந்தது, கரண்ட் வந்தது, ஆனால் பெரிய தொழில் வரவில்லை. என் பார்வையில் பீகார் கதையின் மையமே இதுதான். 2011 கணக்கெடுப்பில் நகரத்தில் வாழ்ந்தவர்கள் அங்கே 11.3 சதவீதம், தமிழ்நாட்டில் 48.4. 2023 சாதிவாரிக் கணக்கெடுப்பில் 34 சதவீதக் குடும்பங்களின் மாத வருமானம் 6,000 ரூபாய்க்குள். அந்த வீட்டுப் பையன்தான் இங்கே பனியன் கம்பெனியில் நிற்கிறான். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது பாட்னாவிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வளர்ந்த மாநிலம் இவர்களை நம்பி ஓடுகிறது, அவர்கள் மாநிலம் இவர்கள் அனுப்பும் பணத்தை நம்பி ஓடுகிறது. வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறாய், அந்தப் பணத்தில் என்ன நடந்தது என்று கேட்டு, முகவரி வாங்கிக்கொண்டு, அந்த வீட்டுக்கே போங்கள்.

8. நம் வரிப் பணம் அங்கே போகிறது என்ற கோபத்தைச் சென்னையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பதினைந்தாவது நிதிக் குழு மத்திய வரியில் பீகாருக்கு 10.058 சதவீதமும் நமக்கு 4.079 சதவீதமும் ஒதுக்கியது. விவாதிக்க வேண்டிய விஷயம்தான். அதைத் தலையங்கத்தில் விவாதியுங்கள். ஊர் ஊராகப் போய் எழுதும் தொடரில் வேண்டாம்.

9. மழைக்காலத்தில் ஒருமுறையாவது போங்கள். 2024 ஜூன், ஜூலையில் சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் வரிசையாக இடிந்தன. அதைவிடப் பெரியது கோசி ஆற்றின் உடைப்பு. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசகாவில் கரை உடைந்து, ஆறு பழைய தடத்தில் இறங்கி சுபௌல், மதேபுரா, சஹர்சா, அரரியா மாவட்டங்களில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பாதித்தது. கரை தாங்க வேண்டிய அளவு ஒன்பதரை லட்சம் கன அடி. உடைந்த அன்று ஓடியது அதில் ஆறில் ஒரு பங்கு அளவுதான். பெருவெள்ளம் உடைத்தது என்று சொல்ல வழியில்லை. நல்லாட்சி என்று ஊரெல்லாம் பேசிய ஆண்டுகளில்தான் இதுவும் நடந்தது. ஆகவே ஏதாவது ஒரு கரையைத் தேர்ந்தெடுத்து, பராமரிப்புக் கோப்பைக் கேளுங்கள்: யாருக்கு ஒப்பந்தம், எத்தனை ரூபாய், எந்த மாதத்தில் கல் அடுக்கினார்கள், யார் அளந்து கையெழுத்துப் போட்டது. வாயால் கேட்டால் கிடைக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் இந்தியிலேயே மனு எழுதி, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரை இணைத்து, விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டுத் திரும்பி வாருங்கள். முப்பது நாள் கெடு. பதில் வராவிட்டால் மேல்முறையீடு. அதற்கும் தேதியை டைரியில் இப்போதே குறித்து வையுங்கள்.