இன்னும் கீழே இறங்குடா! - கராத்தே நிலை பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

பஹ்ரைனில் ஈசா டவுன் என்றால் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தியன் ஸ்கூல். விளையாட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அதோடு கலீஃபா ஸ்போர்ட்ஸ் சிட்டியும் சேர்ந்துகொள்ளும். இந்த வட்டாரத்தில் சாயங்காலம் கராத்தே கிளாஸுக்குப் பிள்ளையை அழைத்துவரும் அப்பா அம்மாக்கள் சுவரோரம் உட்கார்ந்தபடியே பாதி மாஸ்டராகிவிடுகிறார்கள். அவர்கள் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: “இன்னும் கீழே இறங்கி நில்லுடா!” இந்தப் பத்தி அவர்களுக்காகவே.

நம்பிக்கை: எவ்வளவு தாழ நிற்கிறோமோ அவ்வளவு நல்ல சண்டை நிலை.

உண்மை: இங்கே இரண்டு வெவ்வேறு நிலைகளைப் போட்டுக் குழப்புகிறோம். முன்கால் முட்டி மடிந்து, பின்கால் நீண்டு நிற்கும் ஜென்குட்சு தாச்சி ஒரு பயிற்சி நிலை. ஷோட்டோகான் ஸ்டைலில் எடையின் 60 விழுக்காடு முன்காலிலும் 40 விழுக்காடு பின்காலிலும் என்று சொல்லித் தருவார்கள். தொடையை வலுவாக்கவும், இடுப்பைத் திருப்பிப் பழகவும், எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்யும் கட்டாவுக்கும் அது தேவை. எதிரே ஆள் நிற்கும் குமித்தேயில் நிற்பது வேறு மாதிரி. கால்கள் தோளகலத்தைவிடச் சற்றே அதிகம் விரிந்திருக்கும், இரண்டு முட்டியும் லேசாக மடிந்திருக்கும், எடை ஏறக்குறைய சரிபாதியாக இருக்கும். மிகத் தாழ நிற்பவர் அசைய வேண்டுமானால் முதலில் எடையை ஒரு காலுக்கு மாற்றியாக வேண்டும். அந்த நொடிக்குள் எதிராளி புள்ளி எடுத்துவிடுவார்.

இவ்வளவு தாழ்ந்த நிலை ஆதிகாலம் தொட்டு வந்த மரபும் அல்ல. ஒகினாவாவில் கராத்தே உயரமான, நீளம் குறைந்த நிலைகளோடுதான் இருந்தது. கிச்சின் ஃபுனகோஷி 1922இல் டோக்கியோ சென்று அதைப் பரப்பத் தொடங்கினார். 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் நிலைகளை நீட்டித் தாழ்த்தியதில் அவருடைய மகன் யோஷிடாகாவுக்குப் பெரும் பங்கு உண்டு. தந்தையோ தம் மாணவர்களுக்கு வகுத்த இருபது நெறிகளில் ஒன்றில், வகுத்த நிலை தொடக்கக்காரருக்கு, பிற்பாடு இயல்பான நிற்பே போதும் என்ற கருத்தை வைத்திருக்கிறார். ஆக, தாழ்ந்த நிலை படிக்கட்டு. அதிலேயே குடியிருக்கச் சொல்வதுதான் தப்பு.

நம்பிக்கை: அப்படியானால் ஒலிம்பிக்கில் பார்த்ததுபோலத் துள்ளிக்கொண்டே இருந்தால் போதும்.

உண்மை: டோக்கியோ ஒலிம்பிக் கராத்தேயை வளைகுடா மறக்காது. 2021 ஆகஸ்ட் 7 அன்று ஆடவர் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதியில், சவூதி வீரர் தாரெக் ஹாமிதி 4-1 என்று முன்னணியில் இருந்தார். அப்போது அவர் தலையில் விட்ட உதையில் இரானின் சஜ்ஜாத் கஞ்ச்ஸாதே நினைவிழந்து விழுந்தார். கட்டுப்பாடு மீறிய தாக்குதல் என்று ஹாமிதி தகுதிநீக்கம் செய்யப்பட்டார். தங்கம் கீழே கிடந்தவருக்குப் போனது. அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்பது இங்கே வேண்டாம். பிள்ளைகள் அந்த மாதிரி வீடியோக்களில் எடுத்துக்கொள்வது துள்ளலை மட்டும்தான். அந்த வீரர்களின் பாதங்களைப் பாருங்கள். எவ்வளவு துள்ளினாலும் இரண்டு காலும் ஒன்றையொன்று தொடுவதில்லை, குறுக்கே போவதுமில்லை. தலையும் மேலும் கீழுமாகப் பெரிதாக ஆடுவதில்லை. நம் பிள்ளைகள் துள்ளும்போது கால் இரண்டும் ஒட்டிவிடுகின்றன. அந்த நேரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஆள் பாயில் இருப்பான்.

நம்பிக்கை: முன்காலும் பின்காலும் ஒரே கோட்டில் இருந்தால் நிலை நேராக இருக்கிறது.

உண்மை: பார்க்கத்தான் நேர், நிற்பதற்கு மோசம். உடம்பின் எடை விழும் புள்ளி இரு பாதங்களுக்கு நடுவே உள்ள பரப்பைவிட்டு வெளியே போனால் ஆள் சாய்வார். பாதங்கள் ஒரே கோட்டில் இருந்தால் அந்தப் பரப்பு ஒரு நாடா அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. முன்னிருந்து தள்ளினால் தாங்கும், பக்கத்திலிருந்து தோளில் இரண்டு விரல் வைத்தாலே தடுமாறும். கிளாஸில் விரிக்கும் பாய்களின் இணைப்புக் கோட்டில் இதைச் சரிபார்க்கலாம். முன்பாதம் கோட்டுக்கு ஒரு பக்கம், பின்பாதம் மறுபக்கம், நடுவே இடைவெளி இருக்கட்டும். ஒரு அடி முன்னேறிய பிறகும் அந்த இடைவெளி மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் அடியிலேயே காணாமல் போய்விடும்.

வீட்டில் பழகுவோருக்கு ஒரு சொல். ஃபிளாட்டு ஹாலின் வழவழ டைல்ஸில் சாக்ஸ் போட்டுக்கொண்டு பழகாதீர்கள். வழுக்குமோ என்ற பயத்தில் கால் தானாகவே குறுகிவிடும், அந்தக் குறுக்கம் பழக்கமாகிவிடும். வெறுங்கால்தான் சரி.

நம்பிக்கை: முழுசாகப் பக்கவாட்டில் திரும்பிவிட்டால் அடிபடாது.

உண்மை: எதிராளிக்குக் குறி குறையும் என்பது நிஜம். ஆனால் உங்கள் பின்கையும் தூரமாகிவிடுகிறது. குமித்தேயில் அடிக்கடி புள்ளி எடுத்துத் தரும் க்யாகு ஸுகி குத்து பின்கையிலிருந்து வருவது. அதனால் பாதித் திரும்பல் போதும். பின்பாதம் முழுக்க வெளியே திரும்பியிருந்தாலும் இதே கதைதான், இடுப்பு முன்னால் சுழலாது. குத்து கையோடு நின்றுவிடும்.

நம்பிக்கை: ஒரு கை எப்போதும் இடுப்பில் இருக்க வேண்டும்.

உண்மை: அது கிஹோன் எனும் அடிப்படைப் பயிற்சியிலும் கட்டாவிலும். சண்டையில் முன்கை தோள் உயரத்தில், பின்கை நெஞ்சுக்குழிக்கு முன்னால், முழங்கைகள் விலாவை ஒட்டி இருக்கட்டும். முஷ்டியை முழு நேரமும் இறுக்க வேண்டாம்.

நம்பிக்கை: ஊரில் கற்றுக்கொடுத்த மாஸ்டர் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

உண்மை: சென்னையிலோ மதுரையிலோ எல்லோ பெல்ட் வரை வந்துவிட்டு, இங்கே புது கிளாஸில் சேர்ந்ததும் “உன் நிலையே சரியில்லை” என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. பல நேரம் காரணம் ஸ்டைல்தான். ஷோட்டோகான் நீளமாக நிற்கச் சொல்லும். கோஜு ரியூ தன் சான்சின் நிலையில் பாதங்களை உள்ளே திருப்பிக் குட்டையாக நிற்கச் சொல்லும். ஷிட்டோ ரியூவின் அளவுகள் வேறு. பழைய மாஸ்டரைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு இடத்திலும் என்ன ஸ்டைல் என்று கேளுங்கள். எல்லா ஸ்டைலுக்கும் பொதுவானது முட்டி. அது பாதவிரல் காட்டும் திசையிலேயே போக வேண்டும், உள்ளே மடங்கக்கூடாது.

நம்பிக்கை: முட்டி வலித்தால் நிலை சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

உண்மை: தொடை எரிந்தால் சரி. முட்டிச்சில்லுக்குக் கீழே, முன்னெலும்பின் மேட்டில் தொட்டால் வலித்தால் அது வேறு. வளரும் வயதில், குறிப்பாகப் பத்திலிருந்து பதினைந்துக்குள், ஓடியாடி விளையாடும் பிள்ளைகளுக்கு வரும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் வலியாக இருக்கலாம். தாழ்ந்த நிலையும் குதிப்பதும் அதைக் கூட்டும். பெல்ட் கிரேடிங் நெருங்கும்போது பிள்ளை இப்படிச் சொன்னால் சோம்பல் என்று அதட்டாதீர்கள். மாஸ்டரிடம் சொல்லித் தாழ்ந்த நிலைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.