பஸ்ஸில் போகும்போது புத்தகம் கேட்கலாம்!

ராசிபுரத்தில் சேலம் பஸ் ஏறினால், இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். புத்தகம் பற்றிய பாட்காஸ்ட் கேட்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

எங்கே தொடங்குவது என்று தயங்குபவர்களுக்கு, தீபிகா அருணின் ‘கதை ஓசை’ நல்ல வாசல். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் பார்த்து மலைத்துப்போனவர்கள்கூட இதில் ஒவ்வொரு அத்தியாயமாகக் கேட்டுவிடலாம். யூடியூபில் ஸ்ருதி டிவி பதிவுசெய்த இலக்கிய உரைகள் ஏராளம். டால்ஸ்டாய், தஸ்தயேவ்ஸ்கி பற்றி எஸ்.ராமகிருஷ்ணன் பேசுவதைக் கேட்டால், அந்த நாவல்களை உடனே படிக்கத் தோன்றும். நாமக்கல் மாவட்டத்துக்காரரான பெருமாள்முருகனின் உரைகளையும் தேடிப் பாருங்கள். இந்த வட்டாரத்து வாழ்க்கை எப்படி நாவலாகிறது என்பது புரியும்.

வைஃபை உள்ள இடத்திலேயே டவுன்லோடு செய்துகொண்டால் வழியில் சிக்னல் போனாலும் கவலையில்லை. இரவில் கேட்பவர்கள், தூங்கிவிட்டாலும் தானாக நிற்கும்படி ‘ஸ்லீப் டைமர்’ வைத்துக்கொள்ளலாம்.

பஸ் இரைச்சலிலும் தறிச் சத்தத்திலும் கை தானாகவே வால்யூமைக் கூட்டும். இதில் கவனம் தேவை. பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் போனால் செவித்திறனுக்கு ஆபத்து. டூவீலர் ஓட்டும்போது இயர்போனே வேண்டாம்.

பிடித்த புத்தகத்தின் பெயரை அப்போதே போனில் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள கிளை நூலகத்தில் கேளுங்கள். ஆர்.கே.நாராயண் பெயரிலுள்ள ‘ஆர்’ ராசிபுரம்தான். அவருடைய மால்குடி கதைகளையும் அப்படியே கேட்டு வாங்கிவிடுங்கள்.