தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப்பாதை

நுழையும்முன்

புனேயின் லோஹேகாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறைக்குத் தொடர்வண்டியில் ஊருக்குச் செல்வதுண்டு. வழியில் மாநிலங்கள் மாறும். நிலையப் பெயர்ப்பலகைகளில் எழுத்துகள் மாறும். தண்டவாளம் மட்டும் அறுபடாமல் தொடரும். ஒரு காலத்தில் தமிழர்கள் சென்னையில் தொடர்வண்டி ஏறிக் கடல் கடந்து இன்னொரு நாட்டுக்கே சென்றனர். அந்தப் பாதையின் ஒரு பகுதி இன்று மணலுக்குள் புதைந்து கிடக்கிறது. அதன் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

இரண்டு பாதைகளும் ஒரு கப்பலும்

இந்தியாவின் தென்கிழக்கு முனையில், இராமேசுவரம் தீவின் கடைக்கோடியில் அமைந்த ஊர் தனுஷ்கோடி. அதற்கு எதிரே, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் இலங்கையின் தலைமன்னார் உள்ளது. முன்னர் இலங்கை செல்வோர் தூத்துக்குடிக்குச் சென்று, அங்கிருந்து கப்பலில் நெடுந்தொலைவு கடந்து கொழும்பை அடைந்தனர். கடல் பயணத்தைச் சுருக்கவே தனுஷ்கோடிப் பாதை உருவாக்கப்பட்டது.

முதலில் மண்டபத்துக்கும் தீவுக்கும் இடையே பாலம் தேவைப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளமுடைய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்டது. கப்பல்கள் செல்ல வழிவிடும் வகையில் அதன் நடுப்பகுதி இரண்டு கைகளைப் போல மேலெழுந்து திறந்தது. பணியாளர்கள் தம் உடல் வலிமையால் நெம்புகோல்களைச் சுழற்றியே அதனைத் திறந்தனர்.

பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இராமேசுவரத்துக்கும் மற்றொன்று தனுஷ்கோடிக்கும் சென்றது. சென்னையிலிருந்து வந்தோர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னாரை அடைந்தனர். அங்கே காத்திருந்த இலங்கைத் தொடர்வண்டி அவர்களைக் கொழும்புக்குக் கொண்டு சென்றது. இப்பயணம் முழுமைக்கும் ஒரே பயணச்சீட்டு போதுமானதாக இருந்தது. கப்பலுக்காக ஓடிய வண்டியாதலின் மக்கள் அதனைப் 'போட் மெயில்' என்று அழைத்தனர்.

கடலின் மீதே இருப்புப்பாதை அமைக்கும் எண்ணமும் அக்காலத்தில் ஆராயப்பட்டது. பெருஞ்செலவு கருதி அது கைவிடப்பட்டது. அது நிறைவேறியிருந்தாலும் ஓர் இடர் இருந்திருக்கும். தனுஷ்கோடிப் பாதை 1,000 மில்லிமீட்டர் அகலமுடைய மீட்டர் பாதை. இலங்கைப் பாதையோ 1,676 மில்லிமீட்டர் அகலமுடைய அகலப்பாதை. ஆகவே, ஒரு நாட்டின் பெட்டி மற்றொரு நாட்டின் தண்டவாளத்தில் ஓட இயலாது.

பயணம் செய்தவர்கள்

இவ்வழியே வணிகர்களும் அலுவலர்களும் திருத்தலப் பயணிகளும் சென்றனர். எனினும், மிகுதியாகச் சென்றோர் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற ஏழைத் தமிழர்களே. அவர்கள் முதலில் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டனர். நோய் உண்டா என ஆராயப்பட்ட பின்னரே கப்பலேற விடப்பட்டனர். ஒரே பாதையில் சென்றாலும் எல்லோரின் பயணமும் ஒன்றாக இருக்கவில்லை.

தலைமுறைகள் கடந்தன. மலையகத்திலேயே பிறந்து வளர்ந்தோர்க்கு அதுவே தாயகமாயிற்று. ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுள் பெரும்பாலோர் எந்த நாட்டின் குடிமக்களும் அல்லர் என்னும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் இரு நாட்டுப் பிரதமர்களான லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். அதன்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று.

புயல் இரவு

அதற்கு அடுத்த இரண்டு மாதங்களுக்குள் பேரிடர் நேர்ந்தது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் கடும்புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணியர் வண்டி ஊரை நெருங்கிய வேளையில் பேரலைகள் அதனை மூழ்கடித்தன. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரும் நிலையமும் துறையும் அழிந்தன. அங்கு மக்கள் வாழ இயலாது என்று அரசு அறிவித்தது.

பாம்பன் பாலத்தின் 126 இரும்பு உத்திரங்கள் கடலில் வீழ்ந்தன. நடுவிலிருந்த தூக்குப் பகுதி தப்பியது. ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் பொறுப்பில் பாலம் 46 நாள்களில் சீரமைக்கப்பட்டது. கடலடியில் கிடந்த உத்திரங்களைக் கண்டறிய அப்பகுதி மீனவர்கள் துணைநின்றனர். ஆனால், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை.

எஞ்சியவை

பின்னர்க் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்றுவந்தது. ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் பலர் அக்கப்பலில்தான் வந்திறங்கினர். அவர்களுள் பலர்க்குத் தமிழ்நாடு, பெற்றோர் வாய்வழிக் கேட்ட ஊர் மட்டுமே. அவர்களை முதலில் ஏற்றதும் அதே மண்டபம் முகாமே. இலங்கையில் போர் மூண்டபோது, 1980களில் அக்கப்பலும் நின்றது. மறுகரையில் தலைமன்னார் இருப்புப்பாதையும் போரில் சிதைந்தது.

இன்று தனுஷ்கோடியில் பவளக்கல்லால் கட்டப்பட்ட தேவாலயத்தின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. தொடர்வண்டி நிலையத்தின் சிதிலங்களும் காணப்படுகின்றன. காற்று மணலை இடம்பெயர்க்கும்போது பழைய பாதையின் தடங்கள் வெளிப்படுவதும் மறைவதும் உண்டு.

மறுகரையில் சீரமைக்கப்பட்ட பாதை வழியே 2015 மார்ச் 14ஆம் நாள் முதல் தலைமன்னார்த் துறைக்கு மீண்டும் வண்டிகள் ஓடுகின்றன. இக்கரையில் 2007ஆம் ஆண்டு இராமேசுவரம் பாதை அகலப்பாதையாயிற்று. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. முன்பு கப்பல் இருந்தது; தண்டவாளங்களின் அகலம் வேறுபட்டது. இப்போது இரு கரைகளிலும் தண்டவாளம் ஒரே அகலமுடையது. அவற்றை இணைத்த கப்பல்தான் இல்லை. புயல் வீழ்த்திய பாலத்தை 46 நாள்களில் நிமிர்த்த முடிந்தது. போரால் அறுந்த வழி இன்னும் இணையவில்லை.

சொற்பொருள்

இருப்புப்பாதை – தண்டவாளப் பாதை
உத்திரம் – பாலத்தைத் தாங்கும் நீண்ட இரும்புத் துண்டு
துறை – கப்பலில் ஏறி இறங்கும் இடம்
சிதிலம் – இடிந்து எஞ்சிய பகுதி
தாயகம் – பிறந்து வளர்ந்த நாடு

பயிற்சி

1. 'போட் மெயில்' என்னும் பெயர் எதனால் ஏற்பட்டது?
2. இந்திய வண்டிப் பெட்டி இலங்கைத் தண்டவாளத்தில் ஓட இயலாமைக்குக் காரணம் யாது?
3. மண்டபம் முகாம் இருவேறு காலங்களில் யார் யாருக்கு இடமளித்தது? ஒப்பிட்டு எழுதுக.
4. "ஒரே பாதையில் சென்றாலும் எல்லோரின் பயணமும் ஒன்றாக இருக்கவில்லை." இத்தொடரை விளக்கி ஐந்து வரிகள் எழுதுக.
5. உங்கள் குடும்பத்தினர் புனேக்கு வந்த வழியைப் பெரியோரிடம் கேட்டு, ஊர்ப்பெயர்களை வரிசையாக எழுதுக.