ஏஸும் ராஜாவும் கையில், நடுவில் ஒன்றும் சேரவில்லை: போக்கரில் என்ன செய்வது?

திருவண்ணாமலைப் பக்கம் சீட்டு என்றால் ரம்மிதான். ரம்மி ஆடிய கைக்கு ஏஸும் ராஜாவும் சுமை. சேராவிட்டால் தலைக்கு 10 புள்ளி, முதலில் கழித்துவிடுவோம். அதே ஆள் போக்கருக்கு உட்கார்ந்தால் நேர்மாறு. ஏஸ்–ராஜா வந்துவிட்டால் கடைசிவரை கையை விடமாட்டார். லிமிட் போக்கரில் சீட்டின் மிடுக்கைப் பார்க்காமல் நடுவில் கிடக்கும் பந்தயக் குவியலைத்தான் எண்ண வேண்டும்.

ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் இணையத்தில் காசு வைத்து ஆடுவதையே தடை செய்துவிட்டது. நமக்குப் புளியங்கொட்டை போதும். கிரிவலம் 14 கிலோமீட்டர் சுற்றி வந்த இரவில் யாருக்கும் தெம்பிருக்காது. மறுநாள் மதியம் கூடத்தில் உட்காருங்கள். பிளைண்ட், அதாவது சீட்டுப் பார்க்கும் முன் இருவர் போடும் கட்டாயப் பந்தயம், 1, 2 கொட்டை. ஃபிளாப்பில் (நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டு) பந்தயம் 2, டர்னிலும் (நாலாவது சீட்டு) ரிவரிலும் (ஐந்தாவது) 4. லிமிட் என்பதால் இதற்கு மேல் யாரும் மிரட்ட முடியாது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள்: மூன்றில் இரண்டு தடவை ஃபிளாப்பில் உங்களுக்கு ஜோடி சேராது. அது துரதிர்ஷ்டமல்ல, கணக்கு.

அடுத்து, பிழைக்க எத்தனை சீட்டு என்று எண்ணுங்கள். மீதி ஏஸ் 3, ராஜா 3, ஆக 6. பார்க்காத சீட்டு 47. ஏறக்குறைய எட்டில் ஒரு தடவைதான் டர்னில் விழும். அதாவது 1 கொட்டை போட, எதிரே 7 கிடக்க வேண்டும்.

உதாரணமாக, ஃபிளாப்புக்கு முன் நீங்கள் 4 என்று ஏற்ற, மூன்று பேர் கூட வந்தார்கள். சின்ன பிளைண்ட் விலகினார். குவியலில் 17. ஃபிளாப்: ஆட்டின் 9, கிளாவர் 6, டைமன் 2. ஒருவர் 2 போடுகிறார், மற்ற இருவரும் கவிழ்த்துவிட்டார்கள். 19 கொட்டைக்கு நீங்கள் போடுவது 2. தாராளமாகப் போடலாம். டர்னும் வெறுஞ்சீட்டு, அவர் 4 போடுகிறார். இப்போது 25க்கு 4. ஆறு மடங்கைச் சற்றுத் தாண்டுகிறது, ஏழு வரவில்லை. இங்கேதான் நம்மவர்கள் ‘இவ்வளவு தூரம் வந்தாச்சே’ என்று போடுவார்கள். பிழைக்க எண்ணிய அந்த ஆறு சீட்டும் சுத்தமானவையா என்று பாருங்கள். எதிராளியிடம் ஏஸ்–9 இருந்தால் உங்கள் ஏஸ் அவருக்கு இரட்டை ஜோடி கொடுக்கும். எனவே ஆறை நாலாக எண்ணுவதே நல்லது. நாலு என்றால் கவிழ்க்க வேண்டியதுதான்.

ஃபிளாப்பில் மூன்றும் ஒரே ஜாதியாகி உங்களிடம் அந்த ஜாதி இல்லையா, அல்லது 8–9–10 என்று வரிசையாக விழுந்து நாலு பேர் காத்திருக்கிறார்களா? எண்ணவே வேண்டாம், விடுங்கள்.

எதிரே ஒருவர் மட்டும், அவரும் செக் சொன்னால் (பந்தயம் போடாமல் விட்டால்) நீங்களே 2 போடுங்கள். குவியலில் 9 இருந்தால், பதினொன்றில் இரண்டு தடவை அவர் விலகினாலே போட்டது திரும்பிவிடும். மூன்று பேருக்கு மேல் இருந்தால் இந்த வேலை செல்லாது. செக் சொல்லி இலவசமாக அடுத்த சீட்டைப் பாருங்கள்.

கடைசியாகப் பேசும் இடத்தில் இருந்தால் ஒரு தந்திரம் உண்டு. அவர் 2 போடும்போது 4 என்று ஏற்றுங்கள். பயந்து டர்னில் செக் சொன்னால் நீங்களும் செக். இரண்டு சீட்டையும் 4 கொட்டையில் பார்த்தாயிற்று. சும்மா தொடர்ந்திருந்தால் 6. அவர் திருப்பி ஏற்றினால் தந்திரம் பலிக்கவில்லை. அடக்கமாக ஆடுங்கள்.

ரிவரிலும் சேராமல் ஒரே எதிராளி செக் சொன்னால், பந்தயம் போடாமல் சீட்டைத் திருப்புங்கள். உங்களைவிடக் குறைந்த கை விலகும், கூடிய கை போட்டுப் பார்க்கும், லாபம் இல்லை. வெறும் ஏஸ்–ராஜாவே ஜெயிப்பதும் உண்டு.